பழைய யுத்தப் படமும் புதிய ஏமாற்றமும்: ‘அதிகாலையின் அமைதியில்’ பற்றி எங்கள் ஊரில் கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், டிக்கோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த நாங்கள் சிலர் கூடி, நல்ல படம் கிடைத்தால் பாடசாலை மண்டபத்தில் திரையிடுவோம். முடிந்ததும் தேநீர், பிறகு பேச்சு. இதுவரை திரையிட்டவற்றுள் அதிக வாக்குவாதத்தைக் கிளப்பியது ஒரே சோவியத் யுத்தக் கதையின் இரண்டு படங்கள்: 1972இல் வந்தது ஒன்று, 2015இல் மறுபடி எடுக்கப்பட்டது மற்றொன்று. மண்டபத்திலும், பின்னர் பஸ்ஸிலும் சந்தையிலும் வழிமறித்துக் கேட்கப்பட்டவற்றைத் திரட்டி இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கதையின் முடிவு வரை இதில் வரும். படத்தை முதலில் பார்க்க விரும்புகிறவர்கள் கடைசிக் கேள்விக்குப் போய்விடலாம்.

எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

பரீஸ் வசீலியெவ் 1969இல் எழுதிய குறுநாவல் அது. ‘அதிகாலையின் அமைதியில்’ என்ற பெயரில் தமிழிலும் வந்தது. மாஸ்கோவில் அச்சான மலிவு விலைத் தமிழ்ப் புத்தகங்களைத் தேடி வாசித்த தலைமுறை மலையகத்திலும் இருந்தது. தொழிற்சங்கக்காரர்கள், ஆசிரியர்கள் வீடுகளில் இன்றைக்கும் அந்தப் புத்தகங்கள் கரையான் தின்னாமல் இருக்கக் காணலாம்.

1972இல் அதைப் படமாக்கியவர் ஸ்தனிஸ்லாவ் ரஸ்தோத்ஸ்கி. சிறந்த வெளிநாட்டுத் திரைப்படத்துக்கான ஒஸ்கார் பரிந்துரைப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. 2015இல் மறுஆக்கம் செய்தவர் ரெனாத் தவ்லெத்யாரவ். இரண்டாம் உலக யுத்த வெற்றியின் 70ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, மே 9 வெற்றி நாளுக்குச் சில நாட்கள் முன்னதாக அது ரஷ்யத் திரையரங்குகளுக்கு வந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1942 மே மாதம். காடும் ஏரியும் சதுப்பும் சூழ்ந்த ஒரு சின்ன ரயில் தரிப்பிடம். அதற்குப் பொறுப்பாக இருப்பவன் ஃபெதோத் வாஸ்கோவ். 32 வயது, நான்காம் வகுப்போடு படிப்பு நின்றுபோன கிராமத்து மனிதன். காவலுக்கு வரும் சிப்பாய்கள் குடித்துக் கும்மாளம் போடுகிறார்கள், குடிக்காத, பெண்கள் பின்னால் அலையாத ஆட்களை அனுப்புங்கள் என்று மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருக்கிறான். மேலிடம் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்களை அனுப்பிவைக்கிறது.

அவர்களில் ரீத்தா என்பவள் இரவில் களவாகப் பக்கத்து நகரத்துக்குப் போய்த் தன் சின்ன மகனைப் பார்த்துவிட்டு வருகிறவள். அப்படித் திரும்பும் ஒரு விடியற்காலையில் காட்டுக்குள் இரண்டு ஜெர்மன் சிப்பாய்களைக் காண்கிறாள். வாஸ்கோவ் அவளையும் இன்னும் நான்கு பெண்களையும் கூட்டிக்கொண்டு சதுப்பைக் கடந்து அவர்களை மறிக்கப் போகிறான். இருவர் என்று நினைத்த இடத்தில் 16 பேர் வருகிறார்கள்.

உதவி கேட்டு அனுப்பப்பட்ட லீசா சதுப்பில் அமிழ்ந்துபோகிறாள். பழைய இடத்தில் விடுபட்டுப்போன வாஸ்கோவின் புகையிலைப் பையை எடுக்க ஓடிய சோன்யா கத்திக்குத்தில் சாகிறாள். பயம் தாங்காமல் மறைவிலிருந்து எழுந்து ஓடிய கால்யா சுடப்படுகிறாள். காயம்பட்ட ரீத்தாவிடமிருந்து எதிரிகளைத் திசைதிருப்பப் பாடிக்கொண்டே போன ஷேன்யாவும் சுடப்படுகிறாள். மகனைப் பார்த்துக்கொள்ளும்படி வாஸ்கோவிடம் சொல்லிவிட்டு ரீத்தா தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறாள். எஞ்சிய எதிரிகளை வாஸ்கோவ் தனியாளாகப் பிடித்துக்கொண்டு வருகிறான். கதை இவ்வளவுதான்.

பழைய படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

ஒவ்வொரு பெண்ணும் சாவதற்கு முன்பு அந்தப் படம் அவளுக்காக நின்று காத்திருக்கிறது. எனக்கு அந்தப் படத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது இதுதான்.

யுத்தம் நடக்கும் பகுதி முழுவதும் கறுப்பு வெள்ளை. பெண்களின் நினைவுகள் வண்ணத்தில் வருகின்றன. அந்த வண்ணமும் அழுத்தமானதல்ல. பின்னணியில் சுவரோ ஊரோ இல்லாத ஒரு வெளிச்சத்தில், அவர்கள் நேசித்த மனிதர்கள் மட்டும் நிற்கிறார்கள். ரீத்தாவின் கணவன் எல்லைக் காவல் அதிகாரி, யுத்தம் தொடங்கிய மறுநாளே கொல்லப்பட்டவன். சோன்யா மின்ஸ்க் நகரத்து யூதக் குடும்பத்துப் பெண், கவிதைப் புத்தகத்தோடு பல்கலைக்கழகத்துக்குப் போனவள். அநாதை இல்லத்தில் வளர்ந்த கால்யா, இல்லாத தாயைப் பற்றிப் பொய்க் கதைகளாகச் சொல்லித் திரிகிறவள். இப்படி ஒருத்தியின் வாழ்க்கை வண்ணத்தில் மலர்ந்து, நாம் அதற்குள் போய் உட்கார்ந்த நேரத்தில், படம் நம்மைக் காட்டின் கறுப்பு வெள்ளைக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது.

லீசாவின் காட்சியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அவள் காட்டுக் காவலாளியின் மகள். வாஸ்கோவ் மேல் அவளுக்குச் சொல்லாத ஆசை. இந்த வேலை முடிந்ததும் நாம் இருவரும் சேர்ந்து பாடுவோம் என்று அவளிடம் ஒரு பேச்சுக்குச் சொல்கிறான் வாஸ்கோவ். அவன் அதை உடனே மறந்திருப்பான். அவளோ அந்த ஒரு வாக்கியத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் காட்டுக்குள் ஓடுகிறாள். அந்த நினைப்பில், சதுப்பைத் தாண்டும்போது ஊன்றிப் போகவேண்டிய தடியை எடுக்க மறந்துவிடுகிறாள். இடுப்பளவு, மார்பளவு, கழுத்தளவு. படம் அவசரப்படுவதே இல்லை. எங்கள் மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் நகரும் சத்தம்கூட அப்போது கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சதுப்பைக் கடக்கையில் கால்யாவின் ஒரு சப்பாத்து சேற்றோடு போய்விடுகிறது. ஈரத் துணியைச் சுற்றிய காலோடு நடந்து அவளுக்குக் காய்ச்சல் கண்டுவிடுகிறது. சோன்யா இறந்ததும், வாஸ்கோவ் குனிந்து அவளுடைய கால்களிலிருந்து சப்பாத்துகளைக் கழற்றுகிறான். பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கு அது சகிக்கவில்லை. அவனுக்கும் சகிக்கவில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறவளுக்குச் சப்பாத்து வேண்டும். கால்யாவின் கடைசி நடை, இறந்த தோழியின் சப்பாத்தோடு நடந்த நடை. அவள் ஏன் கடைசியில் எழுந்து ஓடினாள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்கு வேண்டியதில்லை.

புதிய படம் எங்கே சறுக்குகிறது?

தொழில்நுட்பத்தில் குறை சொல்ல அதிகமில்லை. ஒளிப்பதிவு தெளிவு, வெடிச் சத்தம் துல்லியம், காடு அழகு. வாஸ்கோவாக வரும் பியோத்தர் ஃபியோதரவ் உழைத்து நடித்திருக்கிறார்.

குறை நேரத்தில் தொடங்குகிறது. பழைய படம் இரண்டு பாகங்கள், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். புதியது இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. நீளமாக எடுத்தால்தான் நல்ல படம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கதையில் ஐந்து பேர் சாகிறார்கள், ஐவருக்கும் ஒவ்வொரு வாழ்க்கை. அவசரப்பட்டால் முதலில் வெட்டுப்படுவது அந்த வாழ்க்கைதான். சண்டை வெட்டுப்படாது, ஏனென்றால் சண்டைதான் முன்னோட்டத்தில் காட்ட உதவும்.

அடுத்தது, முழுப் படமும் வண்ணத்தில் இருப்பது. நினைவும் நிகழ்காலமும் ஒரே பளபளப்பில் வருவதால், வீட்டு முற்றத்திலிருந்து காட்டுக்குத் திரும்பும்போது நமக்கு எதுவும் அறுவதில்லை. பெண்களின் முகங்களில் சேறு பூசப்பட்டிருக்கிறது, ஆனால் களைப்பு இல்லை. எங்கே கண்கலங்க வேண்டும் என்பதை இசை முன்கூட்டியே வந்து அறிவித்துவிடுகிறது. எங்கள் கூட்டத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சொன்னது மனதில் நிற்கிறது: “தம்பி, அழு அழு என்று சொன்னால் எனக்கு அழுகை வருவதில்லை.”

லீசாவின் சாவு புதிய படத்திலும் உண்டு. சேறு விழுங்குவது அச்சம் தரும்படி எடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அவளோடு சேர்ந்து எது அமிழ்ந்தது என்பதை நாம் உணர்வதற்குள் அடுத்த காட்சி வந்துவிடுகிறது. பழைய படத்தில் ஒரு பாட்டு பாடப்படாமல் போனது என்று நெஞ்சு அடைத்தது. இதில் ஐவரில் ஒருத்தி குறைந்தாள் என்ற கணக்கு மட்டும் மிஞ்சியது.

ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளையும் புதிய படம் காட்டுகிறதே, அது நேர்மை இல்லையா?

உயர்தர வகுப்பில் வரலாறு படிக்கும் ஒரு மாணவி கேட்ட கேள்வி. அன்று கேட்கப்பட்டவற்றில் ஆகச் சிறந்தது.

பழைய படம் சோவியத் தணிக்கைக்குள் எடுக்கப்பட்டது. புதிய படம், பெண்களில் ஒருத்தியின் குடும்பம் வசதியுள்ள விவசாயிகள் என்று முத்திரை குத்தப்பட்டு நாடு கடத்தப்பட்டதையும், இன்னொருத்தியின் பெற்றோரை இரகசியப் பொலிஸார் கொண்டுபோனதையும் சேர்த்திருக்கிறது. அந்தக் கொடுமைகள் நடந்தவை. 1972இல் காட்ட முடியாததை 2015இல் காட்ட நினைத்தது தவறே இல்லை. மறுஆக்கம் ஒன்றுக்கு நியாயமான காரணம் அங்கேதான் இருந்தது. அந்தக் காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கோட்டை விட்டார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

வேரோடு பிடுங்கி அனுப்பப்படுவது என்றால் என்னவென்று மலையகத்தில் யாருக்கும் பாடம் நடத்தத் தேவையில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தமிழரான நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பது என்று எண்ணிப் பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்குபோட்டுக்கொண்டன. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை நம் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். அக்காவுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று பிரிந்த குடும்பங்கள் எந்தத் தோட்டத்திலும் உண்டு.

அந்த அனுபவத்தோடு பார்க்கும்போது, ஒரு குடும்பம் தூக்கியெறியப்பட்டதைச் சில விநாடிகளில் காட்டிவிட்டு, ‘இதுதான் இவளுடைய கடந்த காலம்’ என்று நகர்ந்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. அப்படித் துரத்தப்பட்ட ஒருத்தி, தன்னைத் துரத்திய அதே அரசுக்காகத் துப்பாக்கி ஏந்துகிறாள். ஏன் ஏந்துகிறாள்? இரவில் காவல் நிற்கும்போது எதை நினைத்துக்கொள்வாள்? பெற்றோரைக் கொண்டுபோன சீருடையின் சாயலுள்ள சீருடையைத் தானே அணிந்த முதல் நாள் அவளுக்கு எப்படி இருந்தது? இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது கையில் எடுத்திருந்தால், பழைய படத்தைத் தாண்டிப் போயிருக்கலாம். எடுக்கவில்லை. கொடுமை அங்கே ஒரு தகவலாக மட்டும் நின்றுவிட்டது.

இது உண்மையில் நடந்ததா?

ரயில் பாதையைத் தகர்க்க வந்த ஜெர்மானியரை ஒரு சிறு சிப்பாய்க் குழு மறித்துப் போரிட்ட சம்பவம் ஒன்று வசீலியெவுக்குத் தூண்டுதலாக இருந்தது. அதில் போரிட்டவர்கள் ஆண்கள். எழுதத் தொடங்கியபின் அவர்களுக்குப் பதிலாகப் பெண்களை வைத்ததும்தான் கதை தனக்கு வசப்பட்டது என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பெண்கள் போரிட்டது கற்பனை அல்ல. சோவியத் படைகளில் சுமார் 8 லட்சம் பெண்கள் இருந்தார்கள். தாதியர் மட்டுமல்லர், பீரங்கிப் படையிலும் விமானப் படையிலும் குறிபார்த்துச் சுடும் பிரிவிலும் இருந்தார்கள்.

வசீலியெவ் பள்ளிப் பருவம் முடியும் வயதில் தொண்டராகப் போர்முனைக்குப் போனவர். ரஸ்தோத்ஸ்கி போரில் காலை இழந்தவர். குண்டுகளுக்கு நடுவே தன்னைத் தூக்கி வந்து காப்பாற்றிய ஒரு தாதிக்குச் செலுத்தும் நன்றியாகவே இந்தப் படத்தை எடுத்தார். சப்பாத்துக் காட்சியில் இருக்கும் கூச்சமும் தயக்கமும் எங்கிருந்து வந்தன என்று இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. வசீலியெவ் 2013இல் காலமானார். மறுஆக்கத்தைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

பழையதைத்தான் தூக்கிப்பிடிப்பீர்களா? மறுஆக்கம் எல்லாமே வீண் என்கிறீர்களா?

இல்லை. முதலாம் உலகப் போரைப் பற்றி ரெமார்க் எழுதிய, மேற்குப் போர்முனையில் எல்லாம் அமைதி என்று பெயர் கொண்ட நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1930இல் ஹொலிவூட் அதைப் படமாக்கி ஒஸ்காரின் சிறந்த பட விருதைப் பெற்றது. 2022இல் எட்வார்ட் பெர்கர் அதை ஜெர்மன் மொழியிலேயே எடுத்தார், நான்கு ஒஸ்கார்கள் கிடைத்தன. நாவலிலிருந்து அது விலகிய இடங்கள் பற்றி எனக்கும் மனக்குறை உண்டு. ஆனாலும் ஜெர்மன் இளைஞர்களின் கதையை ஜெர்மானியரே தங்கள் மொழியில் சொல்வதற்கு ஒரு தேவை இருந்தது. அந்தத் தேவை படத்தில் தெரிகிறது.

நம்முடைய ‘அதிகாலை’யைச் சீனாவில்கூட 2005இல் தொலைக்காட்சித் தொடராக எடுத்திருக்கிறார்கள், ரஷ்ய நடிகர்களை வைத்து. ஆக, ஒரு கதையைத் திரும்பச் சொல்வதில் பாவம் ஒன்றும் இல்லை. எதற்காகத் திரும்பச் சொல்கிறோம் என்று எடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

‘பேராண்மை’யும் இந்தக் கதைதானே?

ஆமாம். எஸ். பி. ஜனநாதன் 2009 தீபாவளிக்குக் கொண்டுவந்த ‘பேராண்மை’க்கு மூலம் இந்தக் கதைதான். எங்கள் மண்டபத்தில் பாதிப் பேருக்குக் கதை ஏற்கெனவே தெரிந்திருந்ததற்கும் அதுவே காரணம். ஜெயம் ரவி வருகிற இடமெல்லாம் வாஸ்கோவை வைத்துப் பாருங்கள், வந்துவிடும். அங்கேயும் ஒரு காடு, ஐந்து பெண்கள், ஆயுதம் தாங்கிய 16 அந்நியர்கள்.

அந்தப் படத்தில் எனக்குப் பிடிக்காதவை உண்டு. முதல் பாதியில் பெண்களின் குறும்பு அளவு மீறுகிறது. வில்லன் ஓர் ஆளாக அல்லாமல் ஒரு மலையாக வந்து நிற்கிறான். ஐவரில் சிலர்தான் இறக்கிறார்கள். சாவின் கனம் மூலத்தில் இருந்த அளவு இதில் இல்லை.

ஆனால் ஜனநாதன் ஒரு காரியம் செய்தார், அதற்காக அவரை மதிக்கிறேன். வாஸ்கோவைப் பழங்குடியிலிருந்து படித்து வந்த வன அதிகாரி துருவனாக மாற்றினார். மேலதிகாரி அவனை அவன் பிறப்பை வைத்தே இழிவுபடுத்துகிறான். மாணவிகளில் சிலரும் முதலில் அப்படியே பார்க்கிறார்கள். காட்டை அறிந்தவன் அவன், உயிரைப் பணயம் வைத்தவன் அவன், கடைசியில் பதக்கம் குத்திக்கொள்வது மேலதிகாரி. உழைப்பு ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்ற இந்த முடிவு ரஷ்ய மூலத்தில் இல்லை. நம் மண்ணில் உண்டு. கொழுந்து பறித்தவளின் பெயர் எந்தத் தேயிலைப் பெட்டியிலும் இருந்ததில்லை. அதனால்தான் அந்தக் கடைசிக் காட்சியில் எங்கள் பக்கத்து இளைஞர்கள் கைதட்டவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

ரஷ்யாவிலேயே எடுக்கப்பட்ட மறுஆக்கத்தைவிட, தமிழ்நாட்டுக் காட்டுக்குக் கொண்டுவரப்பட்ட கதை மூலத்துக்கு நெருக்கமாக எனக்குத் தோன்றுகிறது. குறைகள் அதில்தான் அதிகம். ஆனால் எடுத்தவருக்குச் சொல்ல ஒன்று இருந்தது. ஜனநாதன் 2021இல் காலமானார். இன்னும் நிறையச் செய்திருப்பார்.

கிதுல்கலையில் எடுத்த யுத்தப் படம் இருக்கும்போது ரஷ்யாவுக்கு ஏன் போகிறீர்கள்?

ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்குகிறவர்கள் எல்லாருக்கும் அந்த இடம் தெரியும். களனி கங்கைக் கரையில், 1957இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ அங்கேதான் படமானது. டேவிட் லீன் இயக்கம், ஏழு ஒஸ்கார்கள். உண்மையான மரப் பாலம் ஒன்றைக் கட்டி, ரயிலோடு சேர்த்துத் தகர்த்தார்கள்.

அதையும் திரையிட வேண்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் திரையிடுவேன். இரண்டாம் உலகப் போரில், அந்தப் பாலம் வரும் சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில் பாதையில் ஜப்பானியர் வதைத்தது வெள்ளைக்காரக் கைதிகளை மட்டுமல்ல. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாகத் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே இறந்த ஆசியத் தொழிலாளர்களின் தொகை, இறந்த போர்க் கைதிகளின் தொகையைவிடப் பல மடங்கு. நம் முன்னோர் இலங்கைக்கு வந்த அதே காலத்தில், அதே ஊர்களிலிருந்து, கங்காணிகள் ஆள் திரட்டிய அதே முறையில் மலாயாவுக்குக் கப்பலேறியவர்களின் பிள்ளைகள் அவர்கள். பாலத்தைக் கட்டும் அந்தப் படத்தில் அவர்களுக்கு இடமில்லை. யாராவது அதை மறுஆக்கம் செய்ய நினைத்தால், செய்ய வேண்டிய வேலை அங்கே காத்துக் கிடக்கிறது.

பெண்கள் குளிக்கும் காட்சி இருக்கிறதாமே, குடும்பத்தோடு பார்க்கலாமா?

பழைய படத்தில் ஒரு நீராவிக் குளியல் காட்சி உண்டு, உடல்கள் தெரியும். ஆபாச நோக்கம் இல்லை. யுத்தம் தின்னப்போகும் உடல்கள் இவை என்று காட்டத்தான் இயக்குநர் அதை வைத்தார். ஆனாலும் சின்னப் பிள்ளைகளோடு பார்க்கிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பாடசாலை மண்டபத்தில் நாங்கள் அந்தப் பகுதியைத் தாண்டிவிட்டோம், தாண்டுகிறோம் என்று சொல்லிவிட்டே தாண்டினோம்.

ஆற்றில் ஷேன்யா குளிக்கும் காட்சி வேறு. அதை எக்காரணம் கொண்டும் தாண்ட வேண்டாம். எதிர்க்கரையில் ஜெர்மானியர் ஒளிந்திருக்கிறார்கள். இங்கே மரம் வெட்டும் சாதாரண ஜனங்கள்தான் இருக்கிறார்கள் என்று அவர்களை நம்பவைக்க வேண்டும். அதற்காகப் பெண்கள் சத்தம் போட்டு மரம் தறிக்கிறார்கள், நெருப்பு மூட்டுகிறார்கள். அது போதாது என்று தெரிந்ததும் ஷேன்யா குளிர்ந்த ஆற்றில் இறங்கி, தண்ணீரை வாரியடித்துப் பாடுகிறாள். வாஸ்கோவ் அவள் பக்கத்தில் வந்து பார்க்கும்போது அவள் உதடு சிரித்துக்கொண்டிருக்கிறது, கண்ணில் மரண பயம். துப்பாக்கிகள் தன்னைக் குறிபார்த்திருப்பது தெரிந்தே அத்தனை நேரமும் பாடியிருக்கிறாள். ஓல்கா ஒஸ்த்ரோமவா என்ற நடிகை அந்த இரண்டையும் ஒரே முகத்தில் கொண்டுவருகிறார். முழுப் படத்திலும் எனக்கு ஆகப் பிடித்த நடிப்பு அது.

எங்கள் பெண்களுக்கு இந்தப் படத்தில் என்ன இருக்கிறது?

இதைக் கேட்டவர் ஒரு தாய். மகளைப் படம் பார்க்க அனுப்பலாமா என்ற தயக்கத்தோடு கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலைவிட, படம் பார்த்தபின் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா சொன்னது மேல். சதுப்பில் பெண்கள் நனைந்த உடையோடு வரிசையாக நடக்கும் காட்சியில், அவருக்குக் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு மழையில் நனைந்து கனக்கும் ஞாபகம் வந்ததாம். “அந்தப் பிள்ளைகளுக்குக் கால் கடுப்பதை யாராவது கேட்டார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்,” என்றார். வாஸ்கோவ் கேட்கிறான். பழைய படத்தில் அவன் திரும்பத் திரும்பக் கேட்கிறான். கால் துணியைச் சரியாகச் சுற்றுகிறார்களா என்று குனிந்து பார்க்கிறான், திட்டுகிறான், தானே கற்றுக்கொடுக்கிறான். அவன் அவர்களை நேசித்தான் என்பது வசனமாக வராமல் இப்படித்தான் தெரியவருகிறது.

யுத்தத்தைப் பார்த்த நாடு இது. யாருடைய மகள் எங்கே போனாள் என்று இன்றும் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கிறார்கள். துப்பாக்கி ஏந்திய இளம் பெண்களைத் திரையில் காட்டும்போது நாம் கவனமாக இருக்க வேண்டும் என்று ஒரு நண்பர் எச்சரித்தார், சரிதான். அந்தக் கவனம் பழைய படத்தில் இருக்கிறது. அது எந்தப் பெண்ணையும் வீரச் சிலை ஆக்கவில்லை. பயந்து ஓடிய கால்யாவையும், துணிந்து நின்ற ஷேன்யாவையும் ஒரே துக்கத்தோடு பார்க்கிறது. ஓடியவளைப் பற்றி வாஸ்கோவ் மற்றவர்களிடம் இழிவாக ஒரு சொல் சொல்வதில்லை. மண்டபத்தில் அதைக் கவனித்துச் சொன்னவர் பதினாறு வயதுப் பையன்.

எதை முதலில் பார்ப்பது? எப்படிப் பார்ப்பது?

1972 படத்தை முதலில் பாருங்கள். இரண்டு பாகங்களையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டியதில்லை. முதல் பாகம் மெல்ல நகரும், பொறுமை வேண்டும். அங்கே சேர்த்து வைப்பதைத்தான் இரண்டாம் பாகம் ஒவ்வொன்றாகப் பறிக்கிறது. ஊரில் திரையிடுகிறவர்கள் நடுவில் தேநீர் வேளை விட்டால் வசதி. ரஷ்ய வசனத்தைப் பின்தொடர முடியாத முதியவர்களுக்காக, ஒவ்வொரு பெண்ணும் யார் என்பதை ஒருவர் முன்னால் நின்று சொல்லிவிட்டால் போதும், மீதியை முகங்களே சொல்லிவிடும்.

அடுத்து ‘பேராண்மை’. இரண்டையும் பார்த்தபின் நேரம் இருந்தால் 2015 படம். சினிமா கற்க விரும்பும் பிள்ளைகள் மட்டும் அதைத் தவறாமல் பார்க்க வேண்டும்: லீசா சதுப்பில் இறங்குவதிலிருந்து சாவது வரை உள்ள பகுதியை இரண்டு படங்களிலும் அடுத்தடுத்து ஓடவிட்டு, எந்த இடத்தில் எத்தனை நேரம் கமரா நிற்கிறது என்று எழுதிப் பாருங்கள்.

புத்தகம் கையில் உள்ளவர்கள் ஹட்டனில் யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள். எங்களிடம் இருந்த பிரதியை வாங்கிப் போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை, வாசிக்கக் கேட்டு மூன்று பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.